பல் உடைந்த மஸ்டாங்: ஒரு கியர் பொக்ஸ் கைமாறிய வரலாறு

கார்களின் வரலாறு என்று எழுதப்படுவதில் முக்கால்வாசி எஞ்சின்களின் வரலாறுதான். எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைவலு, எத்தனை செக்கனில் மணிக்கு அறுபது மைலைத் தொட்டது. அரசர்களின் பெயரையும் ஆண்ட காலத்தையும் பாடமாக்கிப்போட்டு வரலாறு படிச்சிட்டம் எண்டு சொல்ற மாதிரித்தான் இதுவும். எஞ்சினுக்குப் பின்னால, சாரதியின் காலுக்குப் பக்கத்தில, தகட்டுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. எஞ்சின் தாற வலு முழுவதும் அதற்குள்ளால்தான் சில்லுக்குப் போகவேணும். அதைப் பற்றி ஆரும் பெரிதாகக் கதைப்பதில்லை. நாங்கள் இங்கே கதைக்கப்போவது அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் 1980களில் வந்த ஃபோர்ட் மஸ்டாங் காரை இன்றைக்கும் ஆசையாக வைத்து ஓடுகிற ஆட்கள் நிறையப் பேர். எஞ்சினின் வலுவைக் கூட்டுகிறவர்கள் கொஞ்சக் காலத்தில் ஒரு பிரச்சினையில் மாட்டுப்படுவார்கள்: கியர் பொக்ஸ் உடையும். அப்போது கொம்பனி போட்ட பெட்டியைக் கழற்றிப்போட்டு அதைவிடப் பலமான இன்னொன்றை மாட்டுவார்கள். பொழுதுபோக்கு என்று இதைக் கடந்துபோகலாம். ஆனால் கழற்றிய பெட்டி இந்தியானா மாநிலத்து மன்சி என்ற நகரத்தின் தொழில். அந்த இடத்தில் ஏறிய பெட்டியோ பெரும்பாலும் மெக்சிக்கோவின் கெரெத்தாரோ நகரத்துக் கொம்பனியின் பெட்டி. ஏன் ஒன்று பலவீனமாகப் பிறந்தது, ஏன் மற்றது அங்கே பிறந்தது என்று கேட்டுக்கொண்டு போனால் எண்ணெய் நெருக்கடி, ஒரு வேகச் சட்டம், ஒரு இறக்குமதித் தடை, சமூகவியல் வகுப்பில் பெயர் கேள்விப்பட்ட ஒரு புத்தகம் எல்லாம் வந்து சேர்கின்றன. கலைப்பீட ஆட்களுக்குக் கியர் பொக்ஸில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதுதான் எங்கட பதில்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

கியர் உள்ள சைக்கிள் ஓடியவர்களுக்கு அடிப்படை தெரியும். ஏற்றத்தில் ஏறும்போது கால் நிறையத் தரம் சுற்றும், சில்லு கொஞ்சம்தான் சுற்றும், ஆனால் தள்ளு கூட. சமதரையில் எதிர்மாறு. காரிலும் அதே கணக்குத்தான். எஞ்சின் தருகிற முறுக்குவிசையைப் பற்சில்லுகள் பெருக்கியோ குறைத்தோ பின்னால் அனுப்புகின்றன.

நாங்கள் பார்க்கப்போகிற மஸ்டாங்கின் பெட்டிக்கு ரி-5 என்று பெயர். அதன் முதலாம் கியரின் விகிதம் 3.35. எஞ்சின் 300 அடி-இறாத்தல் முறுக்குவிசை தந்தால், முதலாம் கியரில் பெட்டியின் பின்பக்கத்தால் ஆயிரத்துக்கும் மேல் வெளியே வரும். நாலாம் கியர் ஒன்றுக்கு ஒன்று. ஐந்தாம் கியர் 0.68. அதாவது எஞ்சின் சுற்றுவதைவிடப் பின்னால் போகிற தண்டு வேகமாகச் சுற்றும். இதைத்தான் ஓவர்டிரைவ் என்கிறார்கள். நெடுஞ்சாலையில் எஞ்சினை ஆறுதலாக ஓடவிட்டுப் பெற்றோலை மிச்சம் பிடிக்கிற கியர் இது.

இனி உடைகிற கதை. பெட்டிக்குள் மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு, இரண்டிலும் பற்சில்லுகள். பற்கள் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால் சத்தம் குறையும். ஆனால் ஒரு பல் மற்றதைத் தள்ளும்போது, இரண்டு தண்டுகளும் ஒன்றிலிருந்து ஒன்று விலகப் பார்க்கும். முறுக்குவிசை கூடக் கூட அந்த விலகலும் கூடும். அதைத் தடுத்து வைத்திருப்பது பெட்டியின் சுவர்களும் பெயாரிங்குகளும்தான். சுவர் மெல்லிசு என்றால் பெட்டி கொஞ்சம் வளையும். பற்கள் முழு அகலத்திலும் பொருந்தாமல் நுனியில் மட்டும் தொடும். நுனியில் பாரம் விழுந்தால் பல் முறியும். ரி-5இல் பெரும்பாலும் முறிந்தது மூன்றாம் கியரின் பற்கள்.

இரண்டு தண்டுகளுக்கும் இடைப்பட்ட தூரம்தான் ஒரு பெட்டியின் பலத்துக்கு முதல் அடையாளம். தூரம் கூடினால் பற்சில்லு பெரிதாகும், பல் தடிக்கும். ரி-5இல் இந்தத் தூரம் 77 மில்லிமீற்றர். பிறகு வந்த ரி-56 என்ற பெட்டியில் 85. எட்டு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் ஒன்று அகதியாகக் கழன்று போனதற்கும் மற்றது மாட்டப்பட்டதற்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியென்றால் ரி-5ஐச் செய்தவர்களுக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். அவர்கள் வேறொரு கேள்விக்குப் பதில் செய்துகொண்டிருந்தார்கள்.

1973இல் பிறந்த பெட்டி

1973 ஒக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. பீப்பாய் ஒன்று சுமார் 3 டொலராக இருந்த விலை, சில மாதங்களில் கிட்டத்தட்ட 12 டொலருக்கு ஏறியது. 1974 தொடக்கத்தில் நாடு முழுக்க வேக எல்லை மணிக்கு 55 மைல் என்று சட்டம் வந்தது. 1975இல் அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று. கார்க் கொம்பனி ஒவ்வொன்றும் விற்கிற கார்களின் சராசரி எரிபொருள் சிக்கனம் இவ்வளவு இருக்கவேணும் என்று அது கணக்குப் போட்டது: 1978 மொடல்களுக்குக் கலனுக்கு 18 மைல், 1985இல் 27.5 மைல். 1978இல் எரிபொருளைக் கூடக் குடிக்கிற கார்களுக்கு ஒரு வரியும் சேர்ந்துகொண்டது.

மஸ்டாங் 1964 ஏப்ரலில் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான கார். 1960களில் அதற்கு மாட்டியவை வார்ப்பிரும்பில் செய்த நாலு கியர்ப் பெட்டிகள். பாரமானவை, முரட்டுப் பலமானவை, ஓவர்டிரைவ் இல்லாதவை. நாலாம் கியருக்குப் போனபிறகும் எஞ்சின் கத்திக்கொண்டுதான் இருக்கும். பெற்றோல் மலிவாக இருந்த காலத்தில் அது ஆருக்கும் குறையாகப் படவில்லை.

நெருக்கடிக்குப் பிறகு மஸ்டாங்கே சுருங்கிப்போனது. 1974இல் வந்த மஸ்டாங் II அமெரிக்காவில் அந்த ஆண்டு வி8 எஞ்சினே இல்லாமல்தான் விற்கப்பட்டது. 1979இல் வந்த அடுத்த தலைமுறையிலும், 1980–81இல் கிடைத்த வி8 எஞ்சின் தந்தது ஏறத்தாழ 120 குதிரைவலு மட்டுமே.

இந்தச் சூழலுக்குள்தான் போர்க் வோர்னர் கொம்பனி ரி-5ஐக் கொண்டுவந்தது. 1982 மொடல் ஏஎம்சி கார்களில் முதலில் வந்தது. 1983இல் மஸ்டாங்கிலும் அதன் பரம எதிரியான கமரோவிலும் ஏறியது. அலுமினிய உடல், எடை சுமார் 34 கிலோ, ஐந்து கியர். 55 மைல் வேகத்தில் நாலாம் கியரில் நிமிடத்துக்குச் சுமார் 2200 தரம் சுற்றவேண்டிய எஞ்சின், ஐந்தாம் கியரில் சுமார் 1500 தரம் சுற்றினால் போதும். காங்கிரசில் நிறைவேறிய சட்டமொன்று பற்சில்லாக வார்க்கப்பட்டால் எப்படி இருக்குமோ அதுதான் ரி-5. பாரம் குறைவு, உராய்வு குறைவு, பெற்றோல் மிச்சம். முரட்டு வலுவைத் தாங்கவேணும் என்று அதனிடம் ஆரும் கேட்கவில்லை. அந்த மாதிரி வலு திரும்பி வரும் என்றும் அப்போது கனபேர் நம்பவில்லை.

எஞ்சின் திரும்பி வந்தது

ஆனால் வந்தது, அதுவும் கெதியாக. 1982இல் மஸ்டாங் ஜிரி, ஐந்து லீற்றர் வி8 எஞ்சினோடு 157 குதிரைவலுவில் திரும்பியது. 1983இல் 175. 1985இல் 210. 1986இல் காபரேற்றர் போய் மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் வந்தது. 1987இல் 225 குதிரைவலு, முறுக்குவிசை 300 அடி-இறாத்தல். கலிபோர்னியா நெடுஞ்சாலைப் பொலிசாரே 1982இலிருந்து கள்ளரைத் துரத்த மஸ்டாங் வாங்கினார்கள். 1986இல் உலக எண்ணெய் விலை பாதியளவுக்குச் சரிந்தது. 1987இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைல் வரை போகலாம் என்று சட்டமும் தளர்ந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு அடக்கிவைத்த ஆசை ஒரே மூச்சாக வெளியே வந்தது.

இந்த இடத்தில் ஒரு இலக்கத்தைக் கவனியுங்கோ. 1987 எஞ்சின் தந்த முறுக்குவிசை 300. அதன் பின்னால் இருந்த ரி-5 தாங்கும் என்று கணிக்கப்பட்ட அளவு 265. காட்சியறையிலிருந்து புத்தம் புதிதாக வெளியே வந்த காரிலேயே எஞ்சின் பெட்டியை முந்தியிருந்தது. 1990இல்தான் பெட்டியின் அளவு 300க்கு உயர்த்தப்பட்டது. 1993இன் விசேட கோப்ரா மொடலுக்கு 310.

ஃபோர்ட் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையா இது? அப்படிச் சொல்ல ஏலாது. சாதாரணமாக ஓடுகிற ஒருவர் முழு முறுக்குவிசையையும் பெட்டிக்குள் ஒரே அடியாக இறக்குவது அரிது. ரயர் வழுக்கும், கிளச் கொஞ்சம் வழுக்கும், அதிர்ச்சி குறையும். ஒழுங்காகக் கியர் மாற்றுகிறவரிடம் ரி-5 ஒரு லட்சம் மைலையும் தாண்டி ஓடும். பிரச்சினை தொடங்கியது கால்மைல் பந்தயத் தடங்களில். ஒட்டுகிற ரயர் போட்டு, எஞ்சினை உச்சத்தில் சுற்றவிட்டு, கிளச்சிலிருந்து காலை ஒரேயடியாக எடுத்தால் வழுக்க ஒன்றும் இல்லை. அந்த அடி முழுவதும் பல்லில்தான் விழும். அதற்கு மேல் எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கிற சுப்பர்சார்ஜரையும் பூட்டினால் இலக்கம் 400, 500 என்று ஏறும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது ஒரு சத்தம். பிறகு மூன்றாம் கியர் இல்லை.

ஒரு காருக்குள் இரண்டு காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முன்னால் 1987. அதோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது 1975.

மாற்றுகிற வேலை

உடைந்தவர்களுக்கு ஆரம்பத்தில் இருந்த தெரிவுகள் சுகமானவை அல்ல. 1960களின் இரும்புப் பெட்டி ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் தேடி மாட்டலாம். பலம் உண்டு, ஆனால் ஓவர்டிரைவ் போய்விடும். தினமும் வேலைக்குப் போய்வருகிற காரில் அது பெரிய இழப்பு. 1992இல் டொட்ஜ் வைப்பர் என்ற 400 குதிரைவலுக் காருக்காக ரி-56 வந்தது. ஆறு கியர், அதில் இரண்டு ஓவர்டிரைவ். அதையும் செய்தது போர்க் வோர்னர்தான். பலத்தில் குறையில்லை. ஆனால் நீளம், பாரம். பழைய மஸ்டாங்கின் தரைக்குள் இருத்துவதற்குத் தகட்டைச் சுத்தியலால் தட்டி இடம் எடுக்கவேண்டி வந்தது.

1990களின் நடுப்பகுதியில் ட்ரெமெக் என்ற மெக்சிக்கோக் கொம்பனியின் 3550 என்ற ஐந்து கியர்ப் பெட்டி சந்தைக்கு வந்தது. தாங்கும் அளவு 350. அதன் வழியில் ரி.கே.ஓ. வரிசை வந்தது. அதில் பின்னர் வந்த இரண்டு மொடல்களின் பெயரிலேயே 500, 600 என்று தாங்கும் அளவு எழுதியிருந்தது. ஐந்தாம் கியர் ஓவர்டிரைவ் அப்படியே இருந்தது. சட்டம் கேட்ட சிக்கனத்தையும் ஆசை கேட்ட வலுவையும் ஒரே பெட்டிக்குள் வைத்துத் தந்தது இதுதான்.

கழற்றி மாட்டுவது என்றால் சும்மா நாலு போல்ட் விசயம் இல்லை. எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கிற மணி வடிவ உறையின் ஆழம் பொருந்தவேணும். பெட்டிக்குள் போகிற தண்டின் பல்வரிகள் கிளச் தட்டோடு பொருந்தவேணும். ரி-5இன் பின்தண்டில் 28 பல்வரி, ரி.கே.ஓ.வில் 31. ஆகவே அதில் செருகுகிற பாகத்தை மாற்றவேணும். சில்லுக்குப் போகிற நீளத் தண்டை அளந்து தேவையென்றால் வெட்டவேணும். பெட்டியைத் தாங்குகிற குறுக்குச் சட்டம், வேகமானிக்குப் போகிற கம்பி, கியர்க் கம்பு தரையில் எழும்புகிற இடம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேணும். வீட்டுக் கராஜில் ஜக் அடித்துக் காரைத் தூக்கி, மல்லாக்கப் படுத்துக்கொண்டு, ஐம்பது கிலோ அளவு பாரத்தை நெஞ்சுக்கு மேலே பிடித்துச் செய்கிற வேலை இது.

எல்லாம் முடிந்தபிறகுதான் இந்த வேலையின் பெரிய பாடம் வரும். பெட்டி இனி உடையாது. ஆனால் அது விடாத அடி எங்கேயோ போகவேணுமே. முதலில் கிளச் வழுக்கும். பலமான கிளச் போட்டால் பின் அக்சிலின் 28 பல்வரித் தண்டுகள் முறுகும். அதையும் 31 பல்வரியாக்கினால், பின் அக்சிலைத் தாங்குகிற கைகள் காரின் உடலோடு சேருமிடத்தில் தகடு கிழியும். ஆகவே அதையும் வெல்ட் பண்ணவேணும். பலவீனத்தைக் கழற்றி எறிய முடியாது. அடுத்த இடத்துக்குத் தள்ளத்தான் முடியும். மஸ்டாங் வைத்திருந்தவர்கள் இதைக் காசு கொடுத்துப் படித்தார்கள்.

மன்சி

இனிப் பெட்டிகள் பிறந்த ஊர்களுக்குப் போவோம். மன்சியில் வோர்னர் கியர் கொம்பனி 1901இல் தொடங்கியது. 1928இல் வேறு மூன்று கொம்பனிகளோடு சேர்ந்து போர்க் வோர்னர் ஆனது. 1957இல் கொர்வெட் காருக்கு நாலு கியர் கொடுத்த புகழ்பெற்ற ரி-10 பெட்டி அந்தப் பிரிவின் கைவேலை. ரி-5உம் அதே வழியில் வந்தது. ஜெனரல் மோட்டர்ஸுக்கும் அங்கே சொந்தக் கியர்த் தொழிற்சாலை இருந்தது. 1963இலிருந்து அது செய்த நாலு கியர்ப் பெட்டியை இன்றைக்கும் ஊரின் பெயரால் மன்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கியர் என்றால் மன்சி என்று சொல்கிற அளவுக்கு அது ஒரு பற்சில்லு ஊர்.

சமூகவியல் படிக்கிறவர்களுக்கு இந்த ஊரை வேறு பெயரில் தெரியும். ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்ற தம்பதியர் 1924–25இல் இங்கே தங்கி ஆய்வு செய்து 1929இல் வெளியிட்ட மிடில்டவுண் என்ற நூலின் ஊர் மன்சிதான். ஒரு சராசரி அமெரிக்க நகரம் எப்படி வாழ்கிறது என்று காட்டுவது அவர்களின் நோக்கம். கார் வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம், குடும்பம் கூடியிருக்கிற நேரம், கடன் வாங்குகிற பழக்கம் எல்லாம் மாறியதை அவர்கள் பதிவு செய்தார்கள். மற்றச் செலவுகளைச் சுருக்கியாவது காரை வைத்திருக்க விரும்பிய குடும்பங்களையும் கண்டார்கள். அந்த நூலின் மேல் உள்ள முக்கியமான விமர்சனம், மன்சியின் கறுப்பின மக்களை அது கிட்டத்தட்ட முழுசாக விட்டுவிட்டது என்பது. சராசரி என்று ஒன்றைத் தெரிவு செய்யும்போது ஆரை வெளியே வைக்கிறோம் என்ற கேள்வி அந்த நூலோடு இன்றைக்கும் கூடவே வருகிறது.

கார் மாற்றிய ஊர், காருக்குப் பல் வெட்டிக் கொடுத்த ஊர். ரி-5 அந்த ஊர்த் தொழிலின் கடைசிப் பெரிய வெற்றிகளில் ஒன்று. 1996இல் போர்க் வோர்னர் தன் கார்க் கியர் பொக்ஸ் தொழிலை, ரி-5, ரி-56 இரண்டையும் சேர்த்து, ட்ரெமெக்குக்கு விற்றது. மன்சியில் மிச்சமிருந்த போர்க் வோர்னர் தொழிற்சாலை 2009இல் மூடப்பட்டது.

கெரெத்தாரோ

மெக்சிக்கோ நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 200 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது கெரெத்தாரோ. வரலாறு படிப்பவர்களுக்கு இந்தப் பெயரும் புதிதல்ல. மெக்சிக்கோப் புரட்சியின் அரசியலமைப்பு 1917 பெப்ரவரியில் இங்கேதான் பிரகடனமானது. எட்டு மணி நேர வேலை, வேலைநிறுத்த உரிமை ஆகியவற்றை அந்த அரசியலமைப்பின் 123ஆம் உறுப்புரை எழுதிவைத்தது.

ட்ரெமெக் கொம்பனி இந்த நகரில் 1964இல் தொடங்கியது. மஸ்டாங் பிறந்த அதே ஆண்டு. இது தற்செயல். ஆனால் கொம்பனி அந்த ஆண்டில் தொடங்கிய சூழல் தற்செயல் இல்லை. 1962இல் மெக்சிக்கோ அரசு ஒரு ஆணை போட்டது: 1964 செப்டெம்பருக்குப் பிறகு முழுக் கார்களையும் எஞ்சின் போன்ற பெரிய பாகங்களையும் இறக்குமதி செய்ய முடியாது. நாட்டில் செய்கிற காரின் பெறுமதியில் 60 வீதம் உள்நாட்டில் உருவாகவேணும். பொருளியல் வகுப்பில் இறக்குமதிப் பதிலீடு என்று படிப்போமே, அதன் பாடப்புத்தக உதாரணம் இது. வெளிநாட்டுக் கார்க் கொம்பனிகள் மெக்சிக்கோவில் விற்க விரும்பினால் அங்கேயே பல் வெட்ட ஆள் வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

வடக்கிலிருந்து வருகிற பொருளைத் தடுக்கக் கட்டிய மதிலுக்குள் வளர்ந்த தொழில், முப்பது வருசத்தில் வடக்குக்கே பெட்டி அனுப்பத் தொடங்கியது. 1994 ஜனவரியில் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு டிசெம்பரில் மெக்சிக்கோவின் பெசோ சரிந்தது. டொலரில் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு மெக்சிக்கோத் தொழிலாளியின் உழைப்பு இன்னும் மலிவானது. இரண்டு ஆண்டு கழித்துத்தான் மன்சியின் பெட்டிகள் கைமாறின. 2001இல் புது மஸ்டாங் ஜிரியிலேயே ட்ரெமெக்கின் 3650 பெட்டி வந்தது. 2003இல் 390 குதிரைவலு கோப்ராவில் ரி-56 வந்தது. முதலில் வீட்டுக் கராஜ்களில் நடந்த மாற்றத்தைச் சில ஆண்டு கழித்து ஃபோர்டே தன் தொழிற்சாலையில் செய்தது என்று சொல்லலாம்.

இதை மெக்சிக்கோவின் வெற்றி என்று கைதட்டி முடிக்கவும் எங்களுக்கு மனமில்லை. மன்சியில் வேலை போன குடும்பமும் கெரெத்தாரோவில் குறைந்த கூலிக்கு வேலை கிடைத்த குடும்பமும் எதிரிகள் இல்லை. அடி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தள்ளப்பட்டது, அவ்வளவுதான். அதுவும் அங்கேயே நிற்கவில்லை. 2011இல் வந்த மஸ்டாங்கின் ஆறு கியர்ப் பெட்டி சீனாவின் நான்சாங் நகரில் செய்யப்பட்டது.

பலம் எங்கே இருக்கிறது

அமெரிக்க வலுவின் அடையாளம் என்று போற்றப்படுகிற காரில், அந்த வலு உடையாமல் சில்லுக்குப் போய்ச் சேரக் காரணம் மெக்சிக்கோக் கொம்பனி ஒன்றின் பற்சில்லு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், சிலருக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு இது ஒரு வாசிப்பு முறை. ஒரு பொருளின் பெயர்ப்பலகை ஒரு கதை சொல்லும், அதன் மூட்டுகள் வேறொரு கதை சொல்லும். இரண்டு காலம், இரண்டு ஊர், இரண்டு சட்டம் சேருகிற இடம் மூட்டுத்தான். உடைவதும் அங்கேதான், வரலாறு வெளியே தெரிவதும் அங்கேதான்.

ரி-5க்கு ஒரு நியாயம் சொல்லாமல் முடித்தால் பிழை. பலவீனம் என்று கழற்றப்பட்ட அந்தப் பெட்டிகளை ஆரும் குப்பையில் போடவில்லை. 1960களின் கார்களை வைத்திருப்பவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். மூன்று கியரோடு, ஓவர்டிரைவ் இல்லாமல், நெடுஞ்சாலையில் கத்திக்கொண்டு ஓடுகிற அந்தப் பழைய கார்களின் சாந்தமான எஞ்சின்களுக்கு ரி-5 தாராளமான பலம், அதோடு ஐந்தாம் கியரும் கிடைக்கிறது. ஒரு காரில் தோற்ற பெட்டி இன்னொரு காரில் முன்னேற்றம். 2020இல் ட்ரெமெக், பழைய கார்களின் ஒடுக்கமான தரைக்குள் இருத்துவதற்கென்றே ரி.கே.எக்ஸ். என்ற புதிய பெட்டியை வெளியிட்டது. மாற்றி மாட்டுவதே இப்போது ஒரு சந்தை.

ரி-5இன் பின்பகுதியில் ஒரு போல்ட்டோடு சேர்த்து ஒரு சின்ன உலோகத் தகடு தொங்கும். அதில் 1352 என்று தொடங்கி ஒரு இலக்கம். அந்தப் பெட்டி எந்தக் காருக்காக, எந்த அளவு வலுவுக்காகச் செய்யப்பட்டது என்பதை அந்த இலக்கத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பழைய பெட்டி வாங்கப் போகிறவர் முதலில் ஒயில் கறையைத் துடைத்துப்போட்டு அந்தத் தகட்டைத்தான் வாசிப்பார். ஆவணக் காப்பகத்தில் நாங்கள் செய்கிற வேலையும் இதிலிருந்து பெரிதாக வேறுபட்டதில்லை.